எடுக்கக் கூடாத மணி

டெலிபோன் ஒரு முறை அடித்து நின்றுவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் அதை எடுப்பதில்லை. உங்கள் வீட்டிலும் இந்த வழக்கம் இருக்கும், இன்ஸ்பெக்டர். வெளியூர் போனவர் ஒரு ரிங் கொடுத்து வைத்துவிட்டால் போதும். எஸ்.டி.டி. செலவில்லாமல் சேதி போய்ச் சேர்ந்துவிடும். நான் பத்திரமாக இருக்கிறேன் என்று அதற்குப் பொருள்.

உங்களுக்குத் தமிழ் புரியும் என்று சொன்னதால் தமிழிலேயே சொல்கிறேன். கன்னடத்திலும் சொல்ல முடியும். ஆனால் இந்த விஷயத்தைத் தமிழில்தான் நினைத்துப் பழகியிருக்கிறேன்.

என் சொந்த ஊர் எல்லைப் பக்கத்து ராமாபுரம். மனைவி தாரணிக்குக் கொள்ளேகால். பெங்களூரில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை பஸ் ஏறினால் சனிக்கிழமை மாலைதான் மைசூருக்குத் திரும்புவேன். அங்கே விஜயநகரில் நாங்கள் வீடு கட்டியபோது சுற்றிலும் காலி மனைகள்தான் இருந்தன. எதிரே ஒரு வீடு, பின் தெருவில் சில வீடுகள், அவ்வளவுதான். அமைதியாக இருக்கட்டும் என்று அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே நான்தான்.

தாரணி அப்போது ஓர் அச்சகத்தில் டைப் செய்துகொண்டிருந்தாள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக வேண்டாம் என்று வீட்டுக்கே ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டேன். கல்யாணப் பத்திரிகை, மாணவர்களின் ஆய்வேடு என்று வேலைகள் வீடு தேடி வந்தன. அவளுக்குச் சந்தோஷம். எனக்கும்தான்.

கம்ப்யூட்டருக்குள், போன் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரோடு இணைக்கும் மோடம் அட்டை ஒன்றைப் பொருத்தினேன். தொண்ணூற்றேழில் அது அபூர்வமான பொருள். டெலிபோன் கம்பி சுவரிலிருந்து நேராகக் கம்ப்யூட்டரின் முதுகில் நுழைந்து, அங்கிருந்து போனுக்குப் போகும். இது எதற்கு என்று தாரணி கேட்டாள். இடி விழுந்தால் போன் கெடாமல் இருக்க என்றேன். பிறகு ஒரு நாள் அவளுடைய பக்கம் ஒன்று உறைந்து நின்றபோது பெங்களூரிலிருந்தபடியே அதைச் சரிசெய்து கொடுத்தேன். மவுஸ் அம்பு திரையில் தானாக நகர்வதைப் பார்த்து அவள் பயந்துபோனாளாம். ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்.

"ஏனுங்க, போன் வழியாங்க வந்தீங்க?"

"இல்ல. அது வேற வழி. போனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"அப்ப நெனச்சப்ப எல்லாம் வந்துருவீங்களா?"

"நீ கூப்பிட்டாத்தான் வருவேன்."

இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். விளக்கிச் சொன்னால் அவளுக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

பெங்களூரிலிருந்து வீட்டுத் திரையைப் பார்க்கும் முறை எளியது. ஒரு ரிங் கொடுத்து வைத்துவிடுவேன். கம்ப்யூட்டர் அதைக் குறித்துக்கொள்ளும். உடனே மறுபடி அழைத்தால், மணி முழுதாக அடிப்பதற்குள் மோடம் எடுத்துவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கு அது பாதி மணியாகக் கேட்கும், எக்ஸ்சேஞ்ச் கோளாறு போல. அதன்பின் தாரணியின் திரை என் திரையில் மேலிருந்து கீழாக, கோடு கோடாக, மெல்ல வரைந்துகொண்டு வரும். நான் இணைப்பைத் துண்டிக்கும்வரை வீட்டு போனில் சத்தம் இருக்காது. ரிசீவரை எடுத்தால் செத்த போன்தான். மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் போன் சாவது சாதாரணம் என்பதால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்ப்பேன். கணவன் வீட்டை எட்டிப் பார்ப்பதை யாரும் தவறு என்று சொல்ல மாட்டார்கள்.

கிருஷ்ணராஜ் பின் தெருவில் இருந்தவர். வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, மகள் தில்லியில். குக்கரஹள்ளி ஏரிப் பறவைகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அவர் சொல்லச் சொல்ல தாரணி டைப் செய்வாள். நான் வீட்டிலிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர், காபியைக் கையில் வைத்துக்கொண்டு தம்முடைய கன்னடம் கலந்த தமிழில் என்னைக் கேலி செய்தார்.

"ஏனு சார், வாரம் பூரா பெங்களூரு. ஞாயித்துக்கிழமை ஒண்ணு மட்டும் மைசூரு. இந்த வீட்ல நீங்க ஓனரா, கெஸ்ட்டா?"

"அவருக்கு வாடகை இல்லீங்க சார், சாப்பாடும் இலவசம்" என்றாள் தாரணி.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒரு கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. என்னிடம் சொல்லாத வேடிக்கையை அவள் அவர் முன்னால் சொல்கிறாள் என்றால், நான் இல்லாதபோது இன்னும் என்னென்ன சொல்வாள்?

அதன் பிறகு தினமும் பார்த்தேன். திரையில் பறவைகள்தான் இருந்தன. மஞ்சள் மூக்கு நாரையைப் பற்றி ஓர் அத்தியாயம். ஜோடி சேர்ந்தபின் ஒன்று தலை தாழ்த்தினால் மற்றதும் தாழ்த்துமாம். ஒன்று வந்து இறங்கும்வரை மற்றது கூட்டைவிட்டு நகராதாம். அறுபது வயதுக்காரர் ஒருவர் அடுத்தவன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவன் மனைவியிடம், இதை வரி வரியாகச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? கர்சர் சில நேரம் ஒரு சொல்லின் நடுவே நின்றுவிடும். அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று திரையில் தெரியாது. நான் அந்த இடைவெளிகளைத்தான் படித்தேன்.

"இந்த வாரம் யாராவது வந்தாங்களா?" என்று சனிக்கிழமைதோறும் கேட்பேன்.

"சாருதாங்க. புதன்கிழமை சீக்கிரமே கெளம்பிட்டாரு, மாத்திரை மறந்துட்டாராமா."

ஒளிவுமறைவில்லாமல் சொல்வாள். அதுதான் என் சந்தேகத்தை உறுதிப்படுத்தியது. இத்தனை சுலபமாகச் சொல்ல வேண்டுமென்றால் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

அவரிடம் ஒருமுறை என் ரிங்கைப் பற்றியும் சொல்லியிருக்கிறாள். அவரே அதை என்னிடம் சொன்னார். மணி அடித்து நின்றதும் தாரணி நிமிர்ந்து, "எங்க வீட்டுக்காரரு சாப்பிட்டாச்சுங்க சார்" என்பாளாம். நல்ல பெண் சார் என்றார். அவர் எனக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அந்த நாளைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். வழக்கம்போல் ஒரு ரிங் கொடுத்தேன், வைத்தேன், மறுபடி அழைத்தேன். நாரை அத்தியாயம் வந்தது. ஆண் பறவை குச்சி கொண்டுவருவதைப் பற்றிய வாக்கியம் பாதியில் நின்றது. வெகுநேரம் அப்படியே நின்றது. இவ்வளவு நீண்ட இடைவெளியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. என் மனநிலையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு அந்த வாக்கியத்துக்குக் கீழே எழுத்துகள் வந்தன. ஆங்கில எழுத்தில் தமிழ்.

ஏனுங்க இருக்கீங்களா. போன் வேலை செய்யல. சாருக்கு நெஞ்சு வலி. கீழ விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்க.

படித்தேன். ஒரு எழுத்து விடாமல் படித்தேன். இதை நான் மறுக்கவில்லை.

உங்களிடம் சொன்னால் நம்புவீர்களா தெரியாது, எனக்கு முதலில் தோன்றியது, இது ஒரு சோதனை என்பதுதான். கூப்பிட்டால்தான் வருவேன் என்று நான் சொல்லியிருக்கிறேன். அவள் போனில் கூப்பிடவில்லை. அப்படியிருக்க நான் மவுஸை அசைத்தால், தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். ஆகவே மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுபடி எழுதினாள். எதிர் வீட்டில் பூட்டு. ரோட்டில் ஆட்டோ இல்லை. அவரைத் தனியா விட்டுட்டு தூரம் போக முடியல. எழுத்துகளில் பிழைகள் இருந்தன. தாரணி பிழையே விடாமல் டைப் செய்பவள். அதையும் கவனித்தேன்.

கடைசியாக ஒரு வரி வந்தது. பாதி மணி அடிச்சுது கேட்டேன். எப்பவும் கேப்பேன். நீங்க பாத்துட்டுதான் இருக்கீங்க.

அவளுக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இத்தனை பெரிய விஷயத்தைக் கணவனிடமிருந்து மறைத்து வைத்திருந்தவள் வேறு எதைத்தான் மறைத்திருக்க மாட்டாள்?

அந்த நேரத்தில் இணைப்பைத் துண்டித்திருந்தால் போன் உயிர் பெற்றிருக்கும். அவள் ரிசீவரை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். அது எனக்குத் தெரியும். போன் செத்ததற்குக் காரணம் நான்தான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் அந்த வரியை எழுதி முடித்ததும் நான் துண்டித்தால் என்ன ஆகும்? அவள் சொன்னது உண்மை என்று ஆகிவிடும். குற்றம் என் பக்கம் திரும்பிவிடும். ஆகவே துண்டிக்கவில்லை. பக்கத்திலேயே இன்னொரு போன் இருந்தது. மைசூரில் எந்த ஆஸ்பத்திரிக்கும் அதிலிருந்து பேசியிருக்கலாம். அதையும் தொடவில்லை. கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பிரிவுப் பையன் டீ கொண்டுவந்து வைத்தான். குடித்தேன். சூடாக இருந்தது.

டீ குடித்து முடித்ததும் இணைப்பைத் துண்டித்தேன். அதற்குமேல் உட்கார்ந்திருந்தால் அலுவலகத்தில் கேள்வி வரும். பிறகு வழக்கமாகச் செய்வது போல, நான் நலமாக இருக்கிறேன் என்று தெரியட்டுமே என்பதற்காக, வீட்டுக்கு ஒரு ரிங் கொடுத்தேன்.

அந்த ஒரு ரிங் முடிவதற்குள் அவள் எடுத்துவிட்டாள். எங்கள் பழக்கத்தில் அது ஒருபோதும் நடந்ததில்லை. கையை ரிசீவர் மேலேயே வைத்திருந்திருக்க வேண்டும்.

"போன் வந்துருச்சுங்க" என்றாள். அழவில்லை. "இனி வேண்டியதில்லீங்க."

யார், என்ன என்று அவள் கேட்கவில்லை. நான் வைத்துவிட்டேன். முழு அழைப்புக்கான கட்டணம் விழுந்திருக்கும்.

டாக்டர் உங்களிடம் சொன்னதாகச் சொன்னீர்கள், உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று. டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவர் மாத்திரையை மறப்பவர். மறப்பவர் என்று தாரணியே சொல்லியிருக்கிறாள். நான் கீபோர்டில் ஒரு எழுத்தைக்கூட அழுத்தவில்லை, இன்ஸ்பெக்டர். எதையும் அழிக்கவில்லை, மாற்றவில்லை. என் வீட்டை, என் கம்ப்யூட்டரை, உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் இறந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

தாரணி கொள்ளேகாலுக்குப் போய்விட்டாள் என்று இப்போதுதான் சொன்னீர்கள். அவள் அம்மா வீட்டிலும் போன் இருக்கிறது. இங்கிருந்து ஒரே ஒரு ரிங் கொடுக்க அனுமதித்தால் போதும். நான் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன் என்று தெரியாவிட்டால் அவள் கவலைப்படுவாள்.