சித்தப்பா வைக்கும் நல்லி எலும்பு

“பசின்னா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சுக்கா.”

கீரனூரில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் பேசிக்கொண்டு வந்தார்கள். இருவரும் உடம்பு இளைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பெரியவருக்கு அது முடிந்து இரண்டு வருஷம், சின்னவளுக்கு மூன்று மாதம்.

“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. மணி பாத்துச் சாப்புடு.”

“கெடாவெட்டுக்குப் போகத்தான் பயமா இருக்கு. முன்னெல்லாம் எங்க சித்தப்பா நான் கேக்காமயே நல்லி எலும்பா அள்ளி வைப்பாரு. ரெண்டாந்தடவையும் சோறு வாங்குவேன். இப்ப நாலு வாயில எந்திரிச்சா அவரு மொகம் வாடிரும்.”

“எலையில உக்காராத. ஜக்கத் தூக்கிக்கிட்டுப் பந்திக்குத் தண்ணி ஊத்து. ஊத்துறவங்கள சாப்டியான்னு யாரும் கேக்கமாட்டாங்க.”

“எங்க சித்தப்பா கேப்பாருக்கா.”



“அப்ப அவரு கையால ஒரு துண்டு வாங்கிக்க. பந்தி முடியிற வரைக்கும் அதையே மென்னுக்கிட்டு இரு.”