ஈ முட்டையையும் நெய் மணத்தையும் முடிச்சுப்போட்ட பேராசிரியர் கௌசியா அவர்களுக்கு

நெய்க்குப் பேர்போன இராசிபுரத்தில் நெய்யாலேயே பேர் வாங்கிய பெருமாட்டியே! உயிரணுவின் உள்ளறைகளில் ஊர்த்தெருவில் நடப்பதுபோல் உலவி வந்தவரே! விலங்கியல் துறையின் விளக்கே! எங்கள் வயிற்றெரிச்சலின் வற்றாத ஊற்றே! வணக்கம்.

தாங்கள் பாடம் நடத்திய காலமெல்லாம் பக்கத்து அறையில் பாடம் நடத்தும் தலைவிதி, இம்மடலை எழுதும் மதியழகனாகிய எனக்கு வாய்த்தது. என் வகுப்பில் கொட்டாவி. சுவருக்கு அந்தப் பக்கம் கைத்தட்டல். கூசாமல் சொல்கிறேன், பொறாமைதான். துறையினர் அனைவரும் இதை ஒப்புக்கொண்டே கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

புரதத்தின் அளவு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் படிப்படியாகக் குறையும் புரதச் சரிவு என்றால் நாங்கள் கரும்பலகையில் கோடு கிழிப்போம். தாங்களோ முன்மேசையில் ஒரு கரண்டி நெய்யைக் காய்ச்சி, பிள்ளைகளின் கண்ணைக் கட்டி இடம் மாற்றி அமர்த்தி, எந்த பெஞ்சில் இருக்கிறோம் என்று மூக்காலேயே அறியச் சொன்னீர்கள்! அவசரமாக ஒருமுறை முகர்ந்தவர் தவறினார்; நிதானமாகப் பலமுறை முகர்ந்தவர் சரியாகச் சொன்னார். ஈயின் முட்டையில் தலைப்பக்கம் ஊறும் புரதம் வால்பக்கம் போகப்போகக் குறைவதையும், உள்ளிருக்கும் ஒவ்வொரு உட்கருவும் அந்த அளவைச் சற்று நேரம் சேர்த்துப் பார்த்தே, தலையாவதா வயிறாவதா என்று தடுமாறாமல் முடிவெடுப்பதையும் அதன்பின் எந்தப் பிள்ளையும் மறக்கவில்லை.

தாங்கள் ஓய்வுபெறுவதால் அந்தப் பாடம் இனி என்னுடையது. ஆசை பொறுக்காமல் சென்ற வாரமே ஒத்திகை பார்த்தேன். தங்களை மிஞ்சிவிட வேண்டுமென்று அரைக்கிலோ நெய்யை அடுப்பில் ஏற்றி, மணம் வீணாகக்கூடாதென்று ஜன்னல்களையும் அடைத்தேன்.

"வாசம் நல்லா வருதுங்க சார். ஆனா முன்னால இருக்கறனா, பின்னால இருக்கறனான்னே தெரியலீங்க" என்றாள் வெண்ணந்தூர்ப் பிரவீனா.

வகுப்பே சிரித்தது. வழியே சென்ற தாங்கள் எட்டிப் பார்த்து, "பின்னால ஜன்னலைத் தெறந்து உடுங்க சார். வாசம் வெளிய போயிட்டே இருந்தாத்தான் எடம் தெரியுமுங்க" என்றீர்கள்.

புரதமும் ஊறினால் மட்டும் போதாது. அழிந்துகொண்டும் இருந்தால்தான் அந்தச் சரிவு நிலைக்கும். நானும் படித்ததுதான். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை, தங்களுக்குத் தோன்றியது. அங்கேதான் எரிகிறது! ஜன்னலைத் திறந்தேன். பிள்ளைகள் இடத்தைச் சரியாகச் சொன்னார்கள். கையும் தட்டினார்கள், தங்களைப் பார்த்து.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஏதோ ஒரு கல்லூரி தங்களை அழைப்பதாகக் காதில் விழுந்தது. அம்மையீர்! நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க! சுற்றம் சூழச் சிரித்து வாழ்க! ஆனால் அந்தப் பாடத்தை வேறெந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் நடத்தாமல் வாழ்க! தங்களைப்போல் நடத்த எனக்கு வராமலே போகலாம். அதற்காகத் தங்களை இன்னொரு கல்லூரிக்கு விட்டுக்கொடுக்க எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

தீராப் பொறாமையுடன்,
விலங்கியல் துறையினர்