மூலைக்கு அனுப்பிய வேர்க்கர்

என் பெயர் நீக்கிலாப்பிள்ளை லவீனா. வயது 22. குருநகரில் தாய் தகப்பனுடன் வசிக்கிறேன். தொழில் தையல். சமயம் றோமன் கத்தோலிக்கம். என்னை யாரும் கூட்டிக்கொண்டு வரவில்லை, நானாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

நெல்லியடியில் கைத்தொலைபேசி திருத்தும் கடையில் வேலை செய்த றஜிந்தன் என்பவரின் வலக்கையை வாளால் வெட்டியதாகச் சந்தேகத்தின் பேரில் விளக்கமறியலில் வைக்கப்பட்டிருக்கும் ஜெரிசன் என் கூடப்பிறந்த அண்ணன். வெட்டு விழுந்த மாலை தான் வீட்டிலிருந்து அச்சுவேலி யதுசனுடன் கணினியில் இணையம் வழியாக விளையாடிக்கொண்டிருந்ததாக அண்ணன் சொல்லியிருக்கிறார். யதுசனும் அப்படியே சொல்லியிருக்கிறார். யதுசன் பொய் சொல்லவில்லை. ஆனால் அன்று அவருடன் விளையாடியது நான்.

அது என்ன விளையாட்டு என்று அதிகாரி கேட்டார். இரண்டு பேர், ஆளுக்கொரு கோட்டை. வேலையாட்களை விட்டுப் பொன்னும் மரமும் சேர்த்து, படை கட்டி, மற்றவரின் கோட்டையை அழிக்க வேண்டும். சதுரங்கம் போல ஒருவர் நகர்த்தும்வரை மற்றவர் காத்திருப்பதில்லை, இருவரும் ஒரே நேரத்தில் ஆடுவதால் கை ஓயக்கூடாது. வேலையாளை 'வேர்க்கர்' என்போம். எதிரியின் படை வளருமுன் ஓடிப்போய் அடிப்பது 'றஷ்'. எதிரி என்ன கட்டுகிறார் என்று பார்த்துவர அனுப்பும் ஆள் 'ஸ்கவுட்'. சண்டையில் ஒவ்வொரு வீரனையும் தனித்தனியாக நகர்த்துவது 'மைக்ரோ', சண்டை நடக்கும்போதே பின்னால் கோட்டையையும் வளர்த்துக்கொண்டிருப்பது 'மாக்ரோ'. எனக்கு மைக்ரோ சுமார்தான். மாக்ரோவில் இந்தக் குடாநாட்டில் என்னை வெல்ல ஆள் இல்லை. தோற்கிறவர் 'ஜீஜீ', அதாவது நல்ல ஆட்டம், என்று எழுதிவிட்டுத்தான் வெளியேற வேண்டும். எழுதாமல் போகிறவரை ஒருவரும் மதிப்பதில்லை. அதிகாரி முதலில் இதைப் 'பிள்ளைகளின் பொழுதுபோக்கு' என்று எழுதினார். வெட்டச் சொன்னேன், வெட்டினார்.

சில வருடங்களுக்கு முன் அண்ணன் கணினி வாங்கினார். அவர் அப்பாவோடு கடலுக்குப் போகும் நேரங்களில் நான் விளையாடிப் பழகினேன். முகம் தெரியாத ஆண்களோடு நான் எழுத்தில் கதைப்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பொம்பிளைப் பிள்ளைக்கு உது தேவையோ? சனம் என்ன கதைக்கும்?" என்றார். அண்ணன்தான் எனக்காகக் கதைத்தார். "என்ரை பேரிலை விளையாடட்டும் அம்மா, ஆருக்குத் தெரியப்போகுது," என்றார். அது அவர் எனக்குச் செய்த நன்மை, அதையும் எழுத வேண்டும். அதன் பின் அந்தப் பெயர் விளையாட்டுக்காரரிடையே மேலே மேலே போனது. தெரு இளைஞர்கள் அண்ணனைக் கண்டால் எழும்பி இடம் கொடுத்தார்கள், எப்படி அடிக்கிறாய் என்று கேட்டார்கள், அவரும் ஏதோ சொல்லிச் சமாளித்தார். நான் உள்ளே மெசினில் சட்டை தைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

அதன் பின் இந்த வருடம் நெல்லியடியில் ஒரு மண்டபத்தில் போட்டி வைத்தார்கள். நேரில் போய் மேடையில் விளையாட வேண்டும். வரமாட்டேன் என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை. எதை முதலில் கட்டுவது, எப்போது ஸ்கவுட் அனுப்புவது என்று எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை, ஏனென்றால் அதை நான் யோசித்துச் செய்வதில்லை. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு வேர்க்கரை வரைபடத்தின் மூலைக்கு அனுப்பி, மரங்களுக்குப் பின்னால் சும்மா நிறுத்திவிடுவேன். கோட்டை முழுவதும் எரிந்தாலும் ஒரு ஆள் மிஞ்சினால் திரும்பக் கட்டலாம். கெட்டிக்காரர்கள் அதை வீண் வேலை என்பார்கள். எனக்கு அது இல்லாமல் விளையாட வராது.

மேடையில் றஜிந்தன் றஷ் அடித்தார். அண்ணன் தொடங்கிய கையோடு தோற்றார். அதன் பின், முன்பு கணினியில் அந்தப் பெயரோடு பலமுறை விளையாடியிருந்த றஜிந்தன், "அண்ணை, நீங்கள் மூலைக்கு அனுப்புற வேர்க்கர் எங்கை?" என்று கேட்டார். "எந்த வேர்க்கர்?" என்றார் அண்ணன். அது ஒலிவாங்கியில் விழுந்து மண்டபம் முழுக்கச் சிரித்தது. அண்ணன் ஜீஜீ எழுதாமல் எழும்பிவிட்டார். இதை அவர் வீட்டுக்கு வந்து கதவில் குத்திக் குத்திச் சொன்னார். போட்டியின் பதிவிலும் இருக்கிறது.

அடுத்த நாள் அண்ணன் கடலில் இருந்தபோது றஜிந்தன் அந்தப் பெயரை ஒரு ஆட்டத்துக்கு அழைத்தார். நான் போயிருக்கக் கூடாது. போனேன். வழக்கம்போல வேர்க்கரையும் மூலைக்கு அனுப்பினேன். அவர் தன் ஸ்கவுட்டை நேரே அந்த மூலைக்கு விட்டு, என் வேர்க்கரைக் கண்டு, அடிக்காமல் பக்கத்தில் நிறுத்திவிட்டார். ஆட்டம் முடியும்வரை இரண்டும் அங்கேயே நின்றன. அவர் தோற்றார். ஜீஜீ எழுதினார். அதன் பின், "இப்ப விளங்குது. நீர் ஆர்?" என்று எழுதினார். என்னை யாரென்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் பயத்தில் பதில் எழுதாமல் மூடிவிட்டேன்.

அந்தக் கேள்வி கணினியில் கிடந்ததை அண்ணன் கண்டார். சாப்பாட்டைத் தனியே எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். அதன் பின் றஜிந்தன் விளையாட்டுக்காரர் எல்லோரும் இருக்கும் வட்ஸ்அப் குழுவில், "ஜெரிசன் பூஸ்ட். உண்மையா விளையாடுற ஆளைப் போட்டிக்கு விடுங்கோ," என்று எழுதினார். வேறொருவரின் கையால் மேலே வந்தவரை 'பூஸ்ட்' என்போம். அது கெட்ட வார்த்தையா என்று அதிகாரி கேட்டார். இல்லை, உண்மை என்று சொன்னேன்.

வெட்டு விழுந்த அன்று பின்னேரம் அண்ணன் மோட்டார் சைக்கிளை எடுத்தார். "பொழுதுபடேக்கை யதுசனோடை ஒரு கேம் போடு. என்னைப்போலை கதை," என்றார். எங்கே போகிறார் என்று நான் கேட்குமுன் படலையைத் தாண்டிவிட்டார். அவர் சொன்னபடி நான் விளையாடினேன். யதுசன், "என்ன மச்சான், கோபம் ஆறிட்டுதோ?" என்று எழுதினார். "ஓம் மச்சான், அதை விடு," என்று நானே பதில் எழுதினேன். அந்த நேரத்தில்தான், வேலை முடிந்து உடுப்பிட்டிக்குச் சைக்கிளில் போன றஜிந்தனைத் தலைக்கவசம் போட்ட இரண்டு பேர் மறித்திருக்கிறார்கள். இரண்டாவது ஆள் யாரென்று எனக்குத் தெரியாது.

இருட்டிய பின் அண்ணன் வந்து நேரே கிணற்றடிக்குப் போனார். வாளியைத் தூக்குமுன், "கேம் வெண்டியோ?" என்று கேட்டார். ஓம், வென்றேன் என்றேன். அதன் பின் கையைக் கழுவினார். சேட்டைக் கழற்றித் தானே துவைத்தார். எங்கள் வீட்டில் ஆண்கள் துவைப்பதில்லை.

விடிந்த பின் செய்தி அறிந்தேன். அண்ணனைப் பிடித்த பின் அம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டு, "நீ வாயைத் திறந்தா அவன்ரை வாழ்க்கை போச்சு," என்றார். "அந்தப் பெடியன்ரை கை, அம்மா?" என்றேன். அம்மா செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி இருந்துவிட்டார். யதுசனின் சாட்சியால் வெள்ளிக்கிழமை அண்ணன் வெளியே வந்துவிடுவார் என்று சட்டத்தரணி சொன்னார். அதனால் இன்று வந்தேன்.

அதிகாரி என்னை நம்பவில்லை. "பிள்ளை, நீர்தான் விளையாடினது எண்டதுக்கு என்ன சாட்சி?" என்றார். அதன் பின் யதுசனை மடிக்கணினியுடன் வரவழைத்து, எதிரில் விளையாடுவது யாரென்று சொல்லாமல் அடுத்த அறையில் இருத்தினார்கள். பொலிஸ் எடுத்து வைத்திருந்த எங்கள் வீட்டுக் கணினியை இந்த மேசையில் பொருத்தித் தந்தார்கள். வேறு பெயரில் நான் விளையாடினேன், வேர்க்கரை மூலைக்கு அனுப்பினேன், வென்றேன். ஆட்டம் முடிந்ததும் யதுசன் அடுத்த அறையிலிருந்து, "சேர், ஜெரிசனை விட்டிட்டீங்களோ?" என்று கேட்டார். கூட்டிவந்து என்னைக் காட்டினார்கள். அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

அண்ணனை நான் வெறுக்கவில்லை. என் வாயால்தான் அவர் உள்ளே போகிறார் என்பதும் எனக்குத் தெரியும். இனி வீட்டில் அம்மா எனக்குக் கதவு திறப்பாரோ தெரியாது.

றஜிந்தன் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவரை நான் நேரில் கண்டதில்லை. இந்த வாக்குமூலத்தை அவருக்கு வாசித்துக் காட்ட முடியுமா என்று அதிகாரியிடம் கேட்டேன். வழக்கு முடியும்வரை முடியாது என்றார். முழுவதும் வேண்டாம், அவர் கேட்டதற்குப் பதில் முதல் வரியில் இருக்கிறது, அது போதும் என்றேன்.

இவ்வளவும் நான் கண்டதும் என் கையால் செய்ததும். யாரும் என்னை வெருட்டவோ ஆசை காட்டவோ இல்லை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மையென்று ஏற்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) நீ. லவீனா