ரத்த உறவுக் கணக்கு

— மறுபடியும் தப்பு. மாதேஸ்வரி, கேள்விய ஒழுங்கா காதுல வாங்குனியா இல்லயா?

— வாங்குனேன் மாமா. ஒரு பொம்பள ஒரு ஆளக் காட்டி, ‘இவன் எங்கம்மாவோட ஒரே தம்பி’ங்கிறா. அந்த ஆளு அவளுக்கு என்ன வேணும்? அஞ்சாவது விடை. ‘தீர்மானிக்க முடியாது.’

— ரெண்டாவது விடை. தாய்மாமன். எல்.கே.ஜி. புள்ளயக் கேட்டா சொல்லும்.

— எல்.கே.ஜி. புள்ளைக்குத் தாய்மாமனோட கல்யாணம் பேசி வெச்சிருக்க மாட்டாங்க.

— பாயிண்ட்டுக்கு வா பாப்பா.

— பாயிண்ட்டுதான் சொல்றேன். அந்தப் பொம்பளைக்கு அவன் மாமனாவும் இருக்கலாம், மாமனையே கட்டிக்கிட்டு இருந்தா புருஷனாவும் இருக்கலாம். அவளுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லயான்னே கேள்வியில இல்ல. தகவல் பத்தல. தீர்மானிக்க முடியாது.

— இது டெல்லியில அச்சடிச்ச புக்கு. அவங்க ஊர்ல மாமனக் கட்டிக்கிற வழக்கமே இல்ல. மாமன்னா மாமன், அதோட சரி.

— கொடுத்து வெச்சவங்க.

— என்ன முணுமுணுக்கற?

— ஒண்ணுமில்ல மாமா. நம்ம வூட்டுக்கு ஒரு குடும்ப மரம் வரைஞ்சு பாத்தேன். எங்கப்பாவுக்கு அம்மா அத்த பொண்ணு. அப்பாவோட ஆயா அவங்க மாமனையே கட்டிக்கிட்டவங்க. கிளையெல்லாம் மேல போவாம திரும்பி வந்து ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிது.

— எங்க கம்பெனி லைன்ல இந்த மாதிரி ஒரு வயரிங் வந்தா, ஷார்ட் சர்க்யூட்னு ரிஜெக்ட் பண்ணிடுவேன்.

— இதையும் பண்ணேன். யாரு வேணாங்கிறா?

— டேய் விமலு! இன்னாடா அங்க சத்தம்? புள்ளயப் பாத்து ஏன் கத்தற?

— கத்தலக்கா! பாடம்!

— பாடம்னா மெதுவா சொல்லிக் குடு. இவ அப்பன் காலையிலயே மண்டபம் பாக்கப் பாகலூர் போயிருக்காரு. அவரு வர்றதுக்குள்ள முடிச்சிக்கோங்க. நான் அவரக்கா உரிச்சிட்டுக் கீறன், எதுன்னா வேணும்னா கூப்புடு.

— சரிக்கா... கேட்டியா மாதேஸ்வரி? மண்டபம். தை மாசக் கல்யாணம் தள்ளிப் போவணும்னா அடுத்த மாசம் சேலத்துல பேங்க் பரீட்சைய நீ ஒழுங்கா எழுதணும். இங்கிலீஷ்ல நீ தேறிடுவ, கணக்கு ஓடிடும். இந்த ரீசனிங்லதான் கோட்ட விடற. அதுவும் வட்டமா ஆளுங்க உக்காந்திருக்கற கேள்வி, திசைக் கேள்வி எல்லாம் சரியாப் போடற. ரத்த உறவு வந்தா மட்டும் அஞ்சாவது விடை, அஞ்சாவது விடை. தப்புக்குக் கால் மார்க்கு புடிப்பான், ஞாபகம் வெச்சுக்கோ.

— நான் ஒரு கேள்வி கேக்கலாமா?

— எந்தப் பக்கம்?

— புக்குல இல்ல. நானே போட்டது. கூற்று, முடிவு மாதிரி.

— கேளு.

— கூற்று ஒண்ணு. நான் பாஸ் பண்ணா கல்யாணம் தள்ளிப் போவும். ட்ரெய்னிங்கு, போஸ்டிங்கு எந்த ஊருன்னே தெரியாது. சரியா?

— சரி.

— கூற்று ரெண்டு. நான் பாஸ் பண்ணியே ஆவணும்னு மாமா ஞாயித்துக்கெழம ஓவர்டைம விட்டுட்டு ஓசூர்ல இருந்து பஸ்ஸேறி வர்றாரு. போன வாரம் சானமாவுக் காட்டுல யான நிக்கிதுன்னு பஸ்ஸ நிறுத்தி வெச்சாங்க. அப்பவும் திரும்பிப் போவல. காத்துக்கிட்டு இருந்து, உச்சி வெயில்ல வந்து சேந்தாரு.

— சரி. அதுக்கு?

— முடிவு என்ன மாமா? அஞ்சு விடை இருக்கு.

— தீர்மானிக்க முடியாது.

— அது என்னோட விடை. நீ போடக் கூடாது. கட்டிக்கணும்னு ஆசப்படற ஆளு, கல்யாணத்தத் தள்ளிப் போட ஏன் இப்புடி மெனக்கெடறான்?

— மெதுவா பேசு. அக்கா காதுல விழும்.

— அப்ப மெதுவா பதில் சொல்லு.

— சொல்றேன். ஆனா நேரா சொல்ல எனக்கு வராது. கேள்வியாவே சொல்றேன், நோட்டுல குறிச்சுக்கோ. அக்கா கேட்டாலும் பாடம்னு இருக்கட்டும்.

— எழுதறேன்.

— எக்ஸ்னு ஒரு ஆளு. அவனோட அக்கா ஒய். ஒய்யோட பொண்ணு இசட். எக்ஸுக்கும் இசட்டுக்கும் தை மாசம் கல்யாணம்.

— இது எனக்குத் தெரிஞ்ச குடும்பமா இருக்கே.

— குறுக்க பேசாத. இசட் பொறந்தப்ப எக்ஸுக்கு ஆறு வயசு. தாய்மாமன் மடின்னு சொல்லி அவன் மடியில வெச்சுத்தான் காது குத்துனாங்க. அது வீல்னு கத்துச்சு. ரத்தத்தப் பாத்து இவனும் கூடவே கத்தினான். அங்க இருந்த பெரியப்பா ஒருத்தரு, ‘ரெண்டும் இப்பவே ஒண்ணா அழுவுது, நாளைக்கி ஒரே மணையில உக்கார வெச்சிடலாம்’னு வெளையாட்டுக்குச் சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அவ்ளோதான். அன்னிக்கி முடிவானது. அதுக்கப்புறம் எக்ஸ யாரும் ஒரு வார்த்த கேக்கல.

— இசட்டையும் கேக்கல.

— ம்.

— மேல சொல்லு மாமா.

— எக்ஸ் வேல செய்யற லைன்ல டபிள்யூன்னு ஒருத்தி.

— மாமா!

— கேள்வி இன்னும் முடியல.

— டபிள்யூவா! எக்ஸு, ஒய்யி, இசட்டு முடிஞ்சு அதுக்கு முன்னாடி இருக்கற எழுத்தப் புடிச்சிருக்க பாரு!

— சிரிக்காத. டபிள்யூ தென்காசிப் பக்கம். கம்பெனி ஹாஸ்டல்ல தங்கியிருக்கா. வயரு கட்டற கை ஒரு நாளும் தப்புப் பண்ணாது, நான் செக் பண்ண வேண்டியதே இல்ல. இருந்தாலும் அவ டேபிளத்தான் அதிகமா செக் பண்ணுவேன்.

— இப்ப ‘நான்’னு சொல்லிட்ட.

— எக்ஸ். எக்ஸ் செக் பண்ணுவான். டபிள்யூ, ‘உங்க வீட்டுல எப்பங்க சொல்லுவீய’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. எக்ஸ் இன்னா சொல்வான்? ‘எங்க இசட்டு பாஸ் ஆவட்டும்’னு சொல்லி வெச்சிருக்கான். போன வாரம் அவ ஓசூர் மலைக்கோயிலு ஏறி, இசட் பேருல அர்ச்சன பண்ணிட்டு வந்தா. ‘எம் பேரச் சொன்னியா’ன்னா, ‘இல்லங்க, ரீசனிங்ல வீக்கா இருக்கற புள்ள பேருக்குத்தான்’ங்கிறா.

— எம் பேருக்கா?

— நட்சத்திரம் தெரியலன்னு சாமி நட்சத்திரத்துல பண்ணியிருக்கா. என்ன பாப்பா, கண்ணுல தண்ணி? அழுவறியா? இங்க பாரு. கோவமா? நான் ஒன்ன ஏமாத்தணும்னு நெனைக்கல. எப்புடிச் சொல்றதுன்னு தெரியாம வாராவாரம் புக்கத் தூக்கிட்டு வந்தேன். அழுவாத, மாதேஸ்வரி.

— அழுவல மாமா. வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கறேன். சத்தம் போட்டா அம்மா வந்திடும். கண்ணுல தானா வருது.

— சிரிக்கறியா?

— நான் ஏன் அஞ்சாவது விடையே போடறேன்னு நெனச்ச? எனக்குத் தெரியாதா அது தாய்மாமன்னு? நீ ஆசையா வர்றேன்னு நெனச்சேன் மாமா. யானயெல்லாம் தாண்டி வர்ற ஆளுகிட்ட, மூஞ்சிக்கு நேரா ‘தாய்மாமன், வேற ஒண்ணுமில்ல’ன்னு எப்புடி சொல்றது? மனசு நொந்துடுவியேன்னு அஞ்சாவதப் போட்டு ஓட்டிக்கிட்டு இருந்தேன்.

— அடிப்பாவி. கால் கால் மார்க்கா போச்சேன்னு எனக்கு தூக்கமே வரல.

— எனக்கு மட்டும் வந்துச்சா? ஃபெயிலானா உங்கூடக் கல்யாணம். பாஸானா உனக்கு மனசு ஒடியும். எதுக்குப் படிக்கறதுன்னே தெரியல. சின்னதுல சைக்கிள் கத்துக் குடுத்தியே, அந்த மாமன்தான் நீ எனக்கு. மாலயப் போட்டு நிக்கறத நெனச்சுப் பாக்கக் கூட முடியல.

— எனக்கும்தான். உனக்கு மூக்கு ஒழுவுனா தொடச்சி உட்டவன் நான்.

— அதை இப்ப சொல்லணுமா? சரி, அந்தக் கேள்விய மறுபடி கேளு.

— ஒரு பொம்பள ஒரு ஆளக் காட்டி, ‘இவன் எங்கம்மாவோட ஒரே தம்பி’ங்கிறா. அவன் அவளுக்கு என்ன வேணும்?

— ரெண்டாவது விடை. தாய்மாமன்.

— கரெக்ட்.

— அப்பாடா. இன்னொரு தடவ கேளு மாமா, சொல்றதுக்கே நல்லா இருக்கு.

— போதும், போதும். அக்காகிட்ட யாரு சொல்றது?

— நீதான். உன் அக்கா.

— உன் அம்மா.

— அம்மா ஒடஞ்சி போயிடும் மாமா. ரோஸ் தோட்டத்துக்கு வேலைக்குப் போற எடத்துல எல்லாம், ‘எம் பொண்ணு வெளிய போவல, எந்தம்பி வூட்டுக்குத்தான் போறா’ன்னு சொல்லிக்கிட்டு இருக்கு.

— அதான் எனக்கும் பயம். என்னப் பெத்தவ மாதிரி வளத்தவ. அவ ஆசப்பட்டது இது ஒண்ணுதான். இதையும் இல்லன்னுட்டு அவ மூஞ்சியில எப்புடி முழிக்கறது? நீ பாஸ் பண்ணு மொதல்ல. போஸ்டிங் போ. அப்புறம் மெதுவா...

— மெதுவா இன்னாடா?

— அக்கா! ஒண்ணுமில்லக்கா. பாடம்தான். ரத்த உறவு.

— தெரியும். கை அவரக்கா உரிச்சா காதுமா சேந்து உரிக்கிது? வாராவாரம் கேட்டுக்கினுதான் கீறன். விமலு, நான் ஒண்ணு கேக்கறன், நேரா பதில் சொல்லு.

— கேளுக்கா.

— அந்த டபிள்யூ களி தின்பாளா?

— அம்மா, அது புக்குல வர்ற...

— நீ சும்மா இருடி. எந்த புக்குலடி ஓசூர் மலைக்கோயிலு வருது? நீ சொல்லுடா. தெக்கத்திப் பொண்ணுன்னியே. களி தின்பாளா, சோறுதான் வேணும்பாளா?

— ...பழகிக்குவாக்கா.

— அப்ப அடுத்த ஞாயித்துக்கெழம வரப்ப கூட்டினு வா. மாதேஸ்வரி, உங்கப்பனுக்குப் போன் போட்டுக் குடு. மண்டபமும் வேணாம் ஒண்ணும் வேணாம், வூட்டுக்கு வான்னு சொல்றன். குதிப்பாரு. குதிக்கட்டும், நான் பாத்துக்கறன்.

— அம்மா, நெசமாவா சொல்ற?

— அப்புறம் இன்னா? கல்யாணம் இல்லன்னு படிப்ப மூட்ட கட்டி வெச்சிடாத. பாஸ் பண்ணி ஒரு பேங்குல ஒக்காரு. அந்தப் பொண்ணு அர்ச்சன பண்ணது வீணாப் போவக் கூடாது.

— அக்கா, உனக்குக் கோவமே இல்லயா?

— கோவம் இருக்குது. எக்ஸ யாரும் கேக்கல, இசட்ட யாரும் கேக்கலன்னு ரெண்டு பேரும் மூக்க உறிஞ்சிக்கினு சொல்லிக்கினீங்களே. நடுவுல ஒய்யின்னு ஒருத்தி கீறாளே, அவள யாருன்னா கேட்டீங்களா?

— கேட்டிருந்தா இன்னாக்கா சொல்லியிருப்ப?

— எங்கம்மா உன்னப் பெத்துப் போட்டுட்டுப் போனதுல இருந்து உன்ன இந்த இடுப்புல தூக்கினன், நீ எறங்கின எடத்துல இவளத் தூக்கினன். நீங்கதான் ஆசப்படறீங்கன்னு நெனச்சி வாயக் கட்டிக்கினு கெடந்தனே தவிர, ரெண்டும் என் புள்ளைங்கடா, எந்தப் புள்ளைய எந்தப் புள்ளைக்குக் கட்டி வெப்பன் நானு?