கரிவாயு

கதவைச் சரியாகச் சாத்தியிருக்கிறேனா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பது சின்ன வயதிலிருந்தே என் பழக்கம், இன்ஸ்பெக்டர் ஐயா. வீட்டில் கேலி செய்வார்கள்.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, பஸ்களைக் கரிவாயுவில் ஓட்டலாம் என்று எங்கள் தியாகராய நகர் கம்பெனியில் முதலில் சொன்னவன் நான். கஃபார் முதலாளி நம்பி, கொட்டகையும் ஆளும் கொடுத்தார். உலையில் கரியை மூட்டி, விசிறிக் கைப்பிடியைச் சுற்றினால் குழாயில் வாயு வரும்; முதலாளி அதைக் காஸ் என்பார். அதில் இஞ்சின் ஓடும் என்றேன். ஓடவில்லை. சைதாப்பேட்டைப் பாலத்தில் ஏறும்போதெல்லாம் பஸ் நின்றது. ஜனங்கள் இறங்கித் தள்ளினார்கள்.

வேலையை மூடச் சொன்ன அன்று முதலாளி திட்டவில்லை. "உன் மிசின்ல காஸே வர்ல, பஞ்சாட்சரம். போனாப் போவுது. நாளைலேந்து பழயபடி டயர் பக்கம் பாத்துக்கோ" என்று தோளில் தட்டினார். அந்தத் தட்டலில்தான் பயம் தொடங்கியது. மறுநாளே கம்பெனியில் எல்லோரும் அதை மறந்திருந்தார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லையோ, நானும் இல்லையோ என்று எனக்கு மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது.

நேற்று மதியம் கொட்டகையில் அந்த உலையைப் பிரித்துப் போட ஃபிட்டர் இனாயத் வந்தான். தொடக்கத்திலிருந்து என்னோடு கரியில் புரண்டவன். "இன்னா சார், எழவு வூடு மாரி குந்திக்கினு கீறே? பீடை ஒழிஞ்சுதுன்னு ஒரு டீ வாங்கிக் குடு" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். கடைசியாக ஒரு தடவை மூட்டிப் பார்ப்போம் என்றேன்.

"உனக்கோசரம் சுத்தறேன்" என்று கைப்பிடியருகே குந்தினான்.

கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துத்தான் சுற்றவேண்டும். நானே போட்ட விதி அது. அந்த வாயு ஆளைத் தூங்கவைப்பதுபோல் சாய்த்துக் கொன்றுவிடும். வெளியே வந்தேன். சாரல் அடித்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

கைப்பிடிச் சத்தம் சீராகக் கேட்டது. பிறகு மந்தமானது.

"சார், தல சுத்துது. கதவத் தொற நைனா."

திறக்கவில்லை. பாதியில் நிறுத்தினால் இதுவும் தோற்றுப்போகுமே என்று பயம்.

சத்தம் நின்று வெகுநேரம் கழித்துத் திறந்தேன். நல்ல காற்று நிறையும்வரை வாசலில் நின்றேன். அவனை மெல்ல ஓரமாக நகர்த்திவிட்டு, நானே உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றி, குழாய் முனையில் தீக்குச்சியை வைத்தேன். நீலமாக நின்று எரிந்தது.

இனாயத்தின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, ஐயா. முதலாளியிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். காஸ் வந்தது.