பின்னறைப் பெட்டி பதிந்த கோடு

பெயர் கற்பகம், வயது 43, காலஞ்சென்ற இசக்கிதுரையின் மனைவி. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் பின்சந்தில் குடியிருந்து, வீட்டிலேயே மரவள்ளிக் கப்பையும் மீன்கறியும் விற்கிறேன். மலையாளம் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. ஆகையால் நான் சொல்வது தமிழில் எழுதப்படுகிறது.

எங்கள் பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் சுக்குக் கிடங்கு. அடுத்த தெருவைச் சேர்ந்த ஷம்சியா, கல்லூரியில் ஆராய்ச்சி செய்பவர், டிசம்பரில் என் சம்மதத்துடன் பின்னறையில் ஒரு சிறு பெட்டியை மாட்டினார். பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயத்தின் ஆக்சைடை முடியைவிட மெல்லிய இழைகளாக நூற்று அதற்குள் பரப்பியிருப்பதாகவும், இழைகளுக்கிடையே காற்று புகுவதால் கொஞ்சம் விஷவாயு வந்தாலும் காட்டும் என்றும் சொன்னார். மிளகாய் வறுத்தபோதெல்லாம் அது கத்தியதால், ஜனவரியில் நானே ஒலிக்கம்பியைப் பிடுங்கிவிட்டேன். இதை ஷம்சியாவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 25 பகல் பன்னிரண்டரைக்கு, சுமை தூக்கும் பிச்சைமணியும் இன்னும் இருவரும் பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அழுகிய மீன்போல வாடை வந்தது. பிச்சைமணி வாந்தி எடுத்து, என் மீன் கெட்டது என்றார். அதன் பிறகு ஷம்சியா போன் செய்தார். பெட்டி அவருடைய செல்லுக்கும் விவரம் அனுப்பும் என்பது எனக்குத் தெரியாது.

“அக்கா, ஆக்களெ எல்லாம் வெளியே எறக்குங்க. சாதனம் சாமான் ஒண்ணும் எடுக்கண்டாம்.”

நான் பிச்சைமணியின் கையைப் பிடித்து இழுத்து, மூவரையும் ரோட்டுக்குக் கொண்டுவந்தேன். கிடங்கில் விஷவாயு விடும் பூச்சிமருந்து மாத்திரை வைத்து மூடியிருந்ததை யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில், கெட்ட மீன் என்றே சீட்டில் எழுதினார்கள். என் கடையும் பூட்டப்பட்டது. ஷம்சியா வந்து, பெட்டி பதிந்து தன் செல்லுக்கு அனுப்பியிருந்த, பதினொன்றே முக்காலிலிருந்து ஏறிய கோட்டை டாக்டரிடம் காட்டினார். பெட்டியில் இரண்டு வகை இழை இருப்பதால் மீன் பொரிக்கும் புகைக்குக் கோடு வேறுமாதிரி விழும் என்று விளக்கினார். உடனே டாக்டர் மூவரையும் இதயத்தைக் கவனிக்கும் வார்டுக்கு மாற்றினார். அங்கே வைத்து ஷம்சியாவிடம் கம்பியைப் பற்றிச் சொன்னேன். சமையல் புகைக்கும் கத்தும்படி வைத்தது தன் தவறு என்று சொல்லி, எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். கம்பி விஷயம் எழுத வேண்டியதில்லை என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் அதிகாரி சொன்னார். நான்தான் எழுதச் சொன்னேன்.

மூன்றாம் நாள் கஞ்சி கொண்டுபோனேன். பிச்சைமணி எழுந்து உட்கார்ந்திருந்தார்.

“போலீஸ்ல உங்க மீனுன்னு சொல்லிட்டேங்க்கா. மாத்தி எழுதச் சொல்லிருக்கேன்.”

மீனில் குற்றமில்லை என்று பரிசோதனை முடிவு வந்து, மார்ச் 4 அன்று கடையைத் திறந்தேன். முதல் தட்டை ஷம்சியாவுக்கு எடுத்துவைத்தேன். நோன்பு என்றார். மாலை பாங்கு சொன்னதும் புதிதாகச் சமைத்து, அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருந்துவிட்டு வந்தேன்.

மேலே எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) கற்பகம்
மட்டாஞ்சேரி, 5.3.2025