இரண்டெழுத்து வால்

அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், இதில் உட்காருங்கள்.

இணையதள முகவரிப் பெயர்களை வாங்கி விற்பது என் தொழில். பெயரின் கடைசியில் புள்ளி வைத்து, நாட்டைக் குறிக்க இரண்டெழுத்து வால் ஒன்று வருமே, இனி அதற்குத்தான் மதிப்பு. மற்ற வால்களில் நல்ல பெயர்களெல்லாம் தீர்ந்துவிட்டன. நம் நாட்டு வால் ஒட்டிய குட்டிப் பெயர்கள் ஒருநாள் கடைத்தெரு முனை மனை மாதிரி விலை போகும். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். முதலில் சிரித்தவன் என் அண்ணன்.

அவனிடம் அப்படியொரு அருமையான பெயர் இருந்தது. அதைப் போய்த் தன் பூட்டுக் கடைக்கு வைத்திருந்தான்.

"வித்துடுண்ணே" என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன்.

"போடா, உருப்படியா ஒரு வேலையைப் பாரு" என்றான். சிறுநீரகம் பழுதாகி, ஊசி குத்திய கையோடு உட்கார்ந்திருந்த அண்ணியும் சேர்ந்து சிரித்தாள்.

பெயரை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதற்கான எச்சரிக்கை வரும் மின்னஞ்சல் முகவரி அதே பெயரில் இருக்கக் கூடாது. பெயர் காலாவதியானால் அஞ்சலும் நின்றுபோகும், கடைசி எச்சரிக்கை வந்து சேராது. எங்கள் தொழிலில் இது பாலபாடம். அண்ணனுக்கு நான்தான் அதே பெயரில் முகவரி அமைத்துக் கொடுத்தேன். மற்றதை அவன் சோம்பல் பார்த்துக்கொண்டது.

"கடை மெயில் எதுவும் வரலடா, என்னன்னு பாரேன்" என்று என்னிடமே வந்தான்.

"சர்வர் கோளாறுண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றேன். அதற்குள் காலாவதியான பெயரை வேறொருவர் பேரில் நானே எடுத்திருந்தேன். அண்ணனுக்கு வரவேண்டிய அஞ்சலெல்லாம் அதன்பின் எனக்கு வந்தது.

அதில் வெளியூர் மருத்துவமனையின் அஞ்சலும் ஒன்று. அண்ணிக்கு மாற்றுச் சிறுநீரக அறுவைக்கு முறை வந்திருக்கிறது, தந்திருந்த தொலைபேசி எண் கிடைக்கவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் உறுதி செய்யாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தார்கள். நிதானமாகப் படித்தேன். சொன்னால், "உனக்கு எப்படி வந்துச்சு?" என்று அண்ணன் கேட்பான், வழக்குப் போடுவான். வழக்கில் சிக்கிய பெயரை எவனும் வாங்க மாட்டான். மறுபடியும் நினைவூட்டினார்கள். அதையும் படித்துவிட்டு அழித்தேன்.

அண்ணி அடுத்த மாதம் இறந்தாள். "நீ ஒருத்தன்தான்டா எனக்குத் துணை" என்று அண்ணன் என் தோளில் சாய்ந்து அழுதான். நானும் அழுதேன், நடிப்பில்லை.

அவளை நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர், கையெழுத்துப் போடுகிறேன். பெயரை மட்டும் அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அருமை தெரியாதவன் கையில் ஒன்று வீணாய்ப் போவதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது.